திங்கட்கிழமைச் சூடு

அன்று திங்கட்கிழமை பகல், என் வீட்டுப் பின்கட்டில் கண்ணாடி வீட்டின் வாசலில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். மின்சார ஆபீஸ் சூப்பர்வைசர் சுப்பிரமணி. பஞ்சாயத்துத் தலைவர் எல்லப்பன். சாட்சிக்கென்று அவரை அழைத்து வந்தது சுப்பிரமணி, நான் அல்ல. என் தம்பி மகன் தாமோதரன். விசிறி ஓட்டும் தானியேல். செடிகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் அம்முலு. செங்கற்பட்டிலிருந்து தாமோதரன் வரவழைத்த துப்பறிவாளர் வேதகிரி. அவருடைய உதவியாள் இருசப்பன். கடைசியாக, ஐந்து தலைமுறையாக மணியம் பார்த்த இந்தக் குடும்பத்தின் மூத்தவன் பஞ்சாட்சரமாகிய நான். என் மனைவி செல்லம்மாள் அப்போது இல்லை. திங்கட்கிழமைதோறும் அவள் மாகறல் கோயிலுக்குப் போய்விடுவாள். வேறு எவரும் அங்கே இல்லை.

விஷயம் இதுதான். தாமோதரன் பெங்களூரில் தோட்டக்கலை படித்துவிட்டு வந்து, எங்கள் வீட்டின் பின்சுவரில் சாய்த்தாற்போல ஒரு கண்ணாடி வீடு கட்டினான். உள்ளே பெரணி, குரோட்டன்ஸ், ஆந்தூரியம். சென்னை ஓட்டல்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் வாராவாரம் லாரியில் போகின்றன. குளிர் தேசங்களில் இப்படிப்பட்ட வீட்டுக்குள் செடிகளுக்காகக் கணப்பு மூட்டுவார்களாம். உத்திரமேரூரில் அந்தக் கவலை இல்லை. இங்கே சூட்டை வெளியேற்றுவதுதான் பெரும்பாடு. ஒரு பக்கம் நனைத்த வெட்டிவேர்த் தட்டிகள். எதிர்ப்பக்கம் இரண்டு பெரிய மின்விசிறிகள். தட்டி வழியாகக் காற்றை இழுத்து அவை வெளியே தள்ளும். உஷ்ணமானியில் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் விசிறியைப் போடுவதும், இறங்கினால் நிறுத்துவதும் தானியேலின் வேலை.

போன கோடையில் அந்த விசிறிகள் தின்ற கரண்டில் பாதிதான் இந்தக் கோடையில் மீட்டரில் ஏறியிருந்தது. அதே விசிறி, அதே வெயில். செடிகளோ முன்னைவிடச் செழிப்பு. மின்சார ஆபீசுக்கு அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் தெரிந்தது: கரண்டுத் திருட்டு. இணைப்போ என் பெயரில் இருக்கிறது.

சுப்பிரமணி தட்டச்சு அடித்த காகிதம் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

“ஐயா பேரு கெடக்கூடாதுன்னுதான் இப்படி எழுதிக்கினு வந்தேன். ‘எனக்குத் தெரியாமல் என் கூலியாள் தானியேல் மீட்டரைத் தொட்டுவிட்டான்.’ அவ்ளோதான் வாசகம். கீழ ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா இவன் ஸ்டேஷனுக்குப் போவான். உங்க வூட்டுப் பக்கம் ஒரு தூசு வராது. இல்லைன்னா கேஸு உங்க மேல. மூணு மணிக்கு நான் கெளம்பணும்.”

கையெழுத்துப் போடுவது என்று நான் தீர்மானித்திருந்தேன். தானியேலைக் கூப்பிட்டு ஒரு தரம் கேட்டாயிற்று.

“நான் திருடல ஐயா” என்றான்.

“அப்படியானால் கரண்டு ஏன் குறைந்தது?”

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பதில் இல்லாதவனைப் பற்றி என்ன நினைக்க வேண்டும் என்பதை மணியக்கார உத்தியோகம் எனக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. பேனாவைத் திறந்தேன்.

“மூடி வைங்க ஐயா, மை காஞ்சிடும்” என்றார் வேதகிரி.

வேதகிரி ஒல்லியான மனிதர். நிழலில் நிற்கும்போதும் குடையை விரித்தே வைத்திருப்பார். ஒவ்வொரு வார்த்தையையும் இரவல் கொடுப்பவர்போல யோசித்துத்தான் வெளியே விடுவார். அந்தக் குறையை இருசப்பன் தீர்த்துவைத்தான். மின்சார ஆபீஸ் உண்மையில் மீட்டர் மாட்டியிருக்க வேண்டிய இடம் அவன் வாய். குடும்ப விஷயத்துக்குள் கூலிக்கு மூளை அமர்த்துவது எனக்கு உடன்பாடில்லை. தாமோதரன் கெஞ்சியதால் மூன்று மணி வரை சகித்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

வேதகிரி நேரே மீட்டரிடம் போனார். எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். உள்ளே சுழலும் தட்டு நின்றுவிட்டது. ஒரே ஒரு பல்பை எரியவிடச் சொன்னார். தட்டு மெல்ல நகர்ந்தது.

“இந்த ஈய சீல் உங்க ஆபீஸ் சீல்தானே?”

“ஆமா.”

“யாராவது தொட்டிருக்காங்களா?”

சுப்பிரமணி கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். “இல்ல. ஆனா மீட்டருக்கு முன்னாடியே கம்பியில கொக்கி போட்டிருப்பான் சார். இவனுங்க அதுல கில்லாடி.”

இருசப்பன் வாசலுக்குப் போய்க் கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தான். “கம்பத்துல இருந்து மீட்டர் வரைக்கும் கம்பி நடுத்தெருவுல தொங்கிக்கினு கீது வாத்தியாரே. எதிர்ல டீக்கடை. கொக்கி போட்டிருந்தா காக்காதான் போட்டிருக்கணும். காக்கா மேல கேஸு எழுத இவரு பேப்பர்ல எடம் இல்ல.”

எல்லப்பன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

“கரண்டு திருட்டுப் போயிருந்தா விசிறி ஓடியிருக்கணும்” என்றார் வேதகிரி. “விசிறி போன வருஷம் மாதிரியே முழுசா ஓடிச்சுன்னு யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்” என்றேன். “என் அறைக்கு அந்த இரைச்சல் நன்றாகக் கேட்கும். பகல் பதினோரு மணியிலிருந்து கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.”

“மத்தியானத்திலயுமா?”

“சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணிக்குப் படுப்பேன். நாலு மணிக்கு எழுவேன்.”

“ஐயா தூங்கறப்போ மீட்டரும் கூடவே தூங்குது போல” என்றான் இருசப்பன்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் ஆகாயத்தில் மேகம் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தான். அக்கினி நட்சத்திரத்தில் மேகம் ஏது?

கண்ணாடி வீட்டுக்குள் போனோம். விசிறிகள் இரண்டையும் தானியேல் மறுபடி ஓடவிட்டிருந்தான். அப்படியும் உள்ளே நெல் அவிக்கும் அண்டாவுக்குள் இறங்கியது போல இருந்தது. உஷ்ணமானியின் முள் சிவப்புக் கோட்டுக்கு வெகு மேலே நின்றது. சுப்பிரமணி காகிதத்தால் விசிறிக்கொண்டார். எல்லப்பன் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்தார். அம்முலு ஒரு மூலையில் தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் குந்திவிட்டாள்.

தலைக்குமேல் படபடவென்று ஒரு சத்தம்.

ஒரு சிட்டுக்குருவி. முகட்டில், வீட்டுச் சுவரை ஒட்டிய உச்சியில், சன்னல் கண்ணாடியை முட்டி முட்டித் திரும்பிக்கொண்டிருந்தது. கீழே தொங்கிய பெரணிக் கூடை ஒன்றில் வைக்கோல் துணுக்குகளால் கூடு.

“பாத்தீங்களா சார்” என்றான் இருசப்பன், சுப்பிரமணியைப் பார்த்து. “குடித்தனம் வந்து புள்ளகுட்டியோட கீது. வாடகைச் சீட்டு வாங்கிட்டீங்களா?”

வேதகிரி அவனைக் கவனிக்கவில்லை. குடையை மடித்துவிட்டுக் குருவியையே பார்த்துக்கொண்டு நின்றார். “கதவு எங்கே இருக்கு?”

“நாம வந்தது கதவு வழியாத்தானே வாத்தியாரே? பப்பரப்பன்னு தெறந்து கெடக்குது.”

“குருவிக்கு அது ஏன் தெரியல? சுத்திலும் இத்தனை கண்ணாடி இருக்கு. எல்லாம் ஒரே மாதிரிதான் மினுக்குது. அதை எல்லாம் விட்டுட்டு அந்த ஒரு சன்னலை மட்டும் ஏன் முட்டுது?”

இருசப்பனும் அண்ணாந்து பார்த்தான்.

“பூட்டின கதவைத் தட்டுறவன் யாரு? அது தெறந்திருந்தப்போ போய் வந்தவன்தான்” என்றார் வேதகிரி. “முகட்டிலே இருக்கிற அந்தச் சன்னல்கள் திறக்குமா?”

தாமோதரன் என் முகத்தைப் பார்த்தான். நான் பதில் சொன்னேன்.

“திறக்காது. கட்டின மாதமே என் உத்தரவில் ஆணி அடித்தாயிற்று.”

“காரணம்?”

சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனால் எல்லப்பன் முந்திக்கொண்டார். “மணியக்காரரு நைனா போனப்போ ஓட்டைப் பிரிச்சித்தானே எடுத்தாங்க? ஊருக்கே தெரிஞ்ச சமாச்சாரமாச்சே. அதான் முகடு தெறந்தா இவருக்கு ஆவாது.”

அரைகுறையாகச் சொல்லப்பட்டதை முழுவதாகச் சொல்லிவிடுவது மேல். என் தந்தை சதய நட்சத்திரத்தில் காலமானார். அது அடைப்பு நட்சத்திரம். அப்படி இறந்தவரை வாசல் வழியாக எடுப்பதில்லை. கூரையைப் பிரித்து அந்த வழியாக எடுப்பார்கள். பிறகு வீட்டை ஆறு மாதம் பூட்டி வைப்பார்கள். எங்கள் ஓடுகளைப் பிரித்தபோது தெருவே நின்று பார்த்தது. அதன் பிறகு என் தங்கைக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் திரும்பிப் போயின. கூரை வாய் பிளந்து நிற்கிற வீட்டில் சாவு இருக்கிறது என்பது இந்தப் பக்கத்தில் எல்லாரும் அறிந்த பேச்சு. பகல்தோறும் என் வீட்டு முகடு திறந்து மூடுவதை ஊர் பார்க்க நான் இடம் கொடுக்க மாட்டேன். சூடு மேலே போக வழி வேண்டும் என்று தாமோதரன் படித்த படிப்பை எல்லாம் சொன்னான். விசிறி வாங்கிக்கொள் என்றேன். வாங்கினான்.

“ஏணி கொண்டாங்க” என்றார் வேதகிரி.

இருசப்பன் ஏறினான். “நான் வுழுந்தா எனக்கும் ஓட்டைப் பிரிப்பீங்களா, வாசல் வழியா எடுப்பீங்களா? இப்பவே பேசி வச்சிக்கலாம்” என்றவன், உச்சிக்குப் போனதும் ஒரு கணம் வாயை மூடிக்கொண்டான். அவனைப் பொறுத்தவரை அதுவே பெரிய சேதி.

“வாத்தியாரே, ஆணிக்குத் தலை கீது, ஒடம்பு இல்ல.”

“தெளிவாச் சொல்லு.”

“இடுக்குல ரம்பத் தகட்ட வுட்டு அறுத்திருக்காங்க. மேல பாத்தா ஆணி அடிச்சது அடிச்ச மாதிரியே கீது. எல்லா சன்னலுக்கும் சேத்து ஒரே கட்டை. கட்டையில கயிறு. கயிறு இப்படிக்கா போயி...” அவன் கை சுவரைத் தொட்டது. “இந்தக் காத்துத் தொளையில நொழஞ்சி உள்ள பூட்சி. அந்தாண்ட இருந்து யாரோ புடிச்சிக் கட்டிக்கினு கீறாங்க. நான் தள்ளுனா ஒரு வெரல் அளவுதான் அசையுது.”

“கீல்?”

இருசப்பன் ஒரு விரலால் கீலைத் தடவி மூக்கருகே கொண்டுபோனான். “வெளக்கெண்ணெ! வயித்துக்குக் குடுத்துப் பாத்திருக்கேன். கீலுக்குக் குடுத்து இப்பத்தான் பாக்குறேன். சத்தமே இல்லாம போய்க்கினு வந்துக்கினு கீது, கொயந்த மாதிரி.”

தானியேல் கண்ணை மூடிக்கொண்டான். நான் தாமோதரன் பக்கம் திரும்பினேன்.

“நீயா?”

“சத்தியமா இல்ல பெரியப்பா. கேட்டேன், கூடாதுன்னுட்டீங்க. அதோட விட்டுட்டேன். மத்தியானத்துல நான் ஆர்டர் பாக்க வெளியே போயிடறேன்.”

“அவர் இல்லை” என்றார் வேதகிரி. “அவர் கொட்டகையிலே ஒரு டப்பா நிறைய கிரீஸ் இருக்கிறதை வரும்போதே பார்த்தேன். தானியேல் கையிலே இப்பவும் கிரீஸ்தான். கிரீஸ் கைக்கெட்டுற ஆள் விளக்கெண்ணெயைத் தேடிப் போக மாட்டான். விளக்கெண்ணெய் கைக்கெட்டுற ஆள்தான் அதை எடுப்பான்.”

பிறகு மூலையில் உட்கார்ந்திருந்த அம்முலுவின் அருகே போனார். குரலைத் தாழ்த்தினார். “என்னம்மா, தினமும் இப்படித்தான் காயுமா உள்ளே?”

அம்முலு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “இன்னிக்கித் திங்கக்கெயமயாச்சே சாமி. திங்கக்கெயம ஆனா உசுரு பூடும். மத்த நாளு மத்தியானத்துக்கு மேல பரவால்ல, காத்து...” அங்கேயே நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சூரியனுக்குத் திங்கட்கிழமை மட்டும் என்ன கோபம்?” என்று கேட்டார் வேதகிரி.

“வாரத்துல மொத நாளு. வேலைக்குப் போற எல்லாருக்குமே அன்னிக்கிக் கோவந்தான்” என்றான் ஏணியிலிருந்து இறங்கிய இருசப்பன்.

“திங்கட்கிழமை இந்த வீட்டிலே யார் இருக்க மாட்டாங்க?”

இந்தக் கேள்வியை அவர் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. வெட்டிவேர்த் தட்டியைப் பார்த்துக் கேட்டார். அந்த நாசூக்குக்காக அவரை இன்றும் மதிக்கிறேன். எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லப்பனுக்கும் தெரிந்துவிட்டது; அவர் தொண்டையைச் செருமினார்.

“அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன ஐயா?”

“சாமான் அறை” என்றேன். “அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அங்கே இருக்கும். கல்யாணமாகி வந்ததிலிருந்து அது செல்லம்மாளின் பொறுப்பு. வீட்டு ஆண்கள் அதற்குள் போவது எங்கள் வழக்கமில்லை. நான் அந்த அறையைப் பார்த்ததே இல்லை.”

“சாவி?”

“அவள் இடுப்பில்.”

“பூட்டு சின்னதாத்தான் இருக்கும்” என்றான் இருசப்பன். “ஒரு தட்டு தட்டுனா...”

“என் வீட்டுச் சாமான் அறைப் பூட்டை என் கண்முன் ஒருவன் தட்டுவதற்கு முன்னால் அவன் கையை நான் தட்டியிருப்பேன்” என்றேன். அவன் கையைப் பையில் விட்டுக்கொண்டான்.

எல்லாரும் வெளியே வேப்பமர நிழலுக்கு வந்தோம். சுப்பிரமணி கடிகாரத்தைப் பார்த்தார். “ஒரு கயிறு தொங்குது, ஒரு குருவி முட்டுது. இத்தைச் சொன்னா எங்க ஆபீஸ்ல சிரிப்பாங்க சார். சன்னலைத் தெறந்தா கரண்டு பாதியாப் பூடும்னு யாரு நம்புவா? ஐயா, கையெழுத்து.”

காகிதம் மறுபடியும் என் முன்னால் வந்தது. அதில் எழுதியிருந்தது மாறிவிடவில்லை. கையெழுத்துப் போட்டால் தானியேல் போவான். வீட்டு விஷயம் வீட்டுக்குள் நிற்கும். எல்லப்பனால் எதையும் நிரூபிக்க முடியாது. போடாவிட்டால், என் மனைவி என் உத்தரவை மீறிக் கோடை முழுவதும் என் முகட்டைத் திறந்து வைத்தாள் என்பதை நானே என் வாயால் சொல்ல வேண்டும். பேனா என் கையில் இருந்தது.

வேதகிரி தானியேலிடம் போனார்.

“உனக்கு ஜெயில் என்கிறாங்க. ஒரு வார்த்தை சொன்னா நீ வீட்டுக்குப் போகலாம். ஏன் சொல்லலை?”

“சத்தியம் பண்ணிக்கிறேன் சார்.”

“யாருக்கு?”

“அத்தையும் சொல்லக் கூடாதுன்னுதான் சத்தியம்.”

இருசப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. வந்ததிலிருந்து அவன் விட்டுக்கொடுத்த முதல் சந்தர்ப்பம் அது. கீழே கிடந்த ஒரு வேப்பங்குச்சியை எடுத்து ஒடித்துக்கொண்டிருந்தான்.

தெருமுனையில் மத்தியான பஸ் ஊதும் சத்தம் கேட்டது.

செல்லம்மாள் பின்கட்டு வழியாகவே வந்தாள். கையில் பிரசாதத் தட்டு, நெற்றியில் விபூதி. அந்நிய ஆண்கள் நிற்பதைக் கண்டு முந்தானையைப் போர்த்திக்கொண்டாள். தானியேலைப் பார்த்தாள், என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

“இன்னா அது?”

தாமோதரன் சொன்னான். நான் தடுக்கவில்லை.

அவள் தட்டை அம்முலுவிடம் கொடுத்துவிட்டு நேரே சுப்பிரமணியைப் பார்த்துப் பேசினாள். இத்தனை வருஷத்தில் அவள் வெளியாரிடம் முகம் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை.

“ஆசாரியக் கூட்டியாந்து ஆணிய அறுக்கச் சொன்னது நானு. கயித்த இழுக்கறது நானு. இவரு தூங்குற நேரத்துல, தெருவுல ஆளு நடமாட்டம் இல்லாதப்போ தெறப்பேன், எந்திரிக்கறதுக்கு முன்ன மூடிடுவேன். சூடு எறங்குனதும் இவன் வெசிறிய நிறுத்துவான், அது இவன் வேலை. வேற ஒண்ணும் இவன் பண்ணல.”

“அம்மா, நீங்க சொல்லாதீங்கம்மா” என்றான் தானியேல்.

“சும்மா கெட. சத்தியம் எனக்குத்தானே பண்ண? திருப்பிக் குடுத்துட்டேன், போ.”

நான் கேட்டேன்: “ஏன்?”

“போன வருசம் சித்திரையில அம்முலு உள்ளாறயே மயக்கம் போட்டு வுழுந்தா. அப்போ முழுகாம இருந்தா. வயித்துல இருந்தது தங்கல.”

அம்முலு தட்டைப் பிடித்தபடி முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

“இது எனக்குச் சொல்லப்படவில்லை.”

“சொன்னேங்க. சோறு போடறப்போ சொன்னேன். ‘கூலியாளுக்கு வெயில் என்ன புதுசா’ன்னு கேட்டீங்க. வேற எப்பிடிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.”

எல்லப்பன் தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுப்பிரமணிதான் பேசினார். “அம்மா சொல்றது சரியாக்கூட இருக்கலாம். ஆனா வாய்வார்த்தைய வச்சிக்கினு நான் கேஸை மூட முடியாது. கண்ணால பாக்கணும்.”

“பாருங்க. வெயில் இன்னும் உச்சியிலேதான் இருக்கு” என்றார் வேதகிரி. “விசிறி ஓடுது. மீட்டர் அதோ இருக்கு. யாராவது போய்க் கயிற்றை இழுத்தாப் போதும்.”

செல்லம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு படியேறினாள். நான் கையை நீட்டினேன். அவள் நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு சாவியை என் கையில் வைத்தாள்.

காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் சுப்பிரமணியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

சாமான் அறை இருட்டாக இருந்தது. புளியும் காய்ந்த மிளகாயும் மணத்தன. அரிசிக் குதிருக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு முளை. அதில் கயிறு சுற்றிக் கட்டியிருந்தது. கீழே ஒரு மணை போடப்பட்டிருந்தது. எட்டி இழுப்பதற்காக அவள் ஏறி நிற்கும் மணை. எனக்கு அது தேவைப்படவில்லை. கயிற்றை அவிழ்த்து இழுத்தேன். கனமே இல்லை.

அங்கிருந்து கண்ணாடி வீடு தெரியாது. காதால்தான் கேட்க முடிந்தது. “தெறந்துகிச்சி!” என்றது எல்லப்பனின் குரல். குருவி குடித்தனத்தைக் காலி பண்ணிவிட்டது என்று இருசப்பன் கத்தினான். பிறகு விசிறிகளின் இரைச்சல் மட்டும் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன். சற்று நேரம் கழித்து ஒரு விசிறி நின்றது. அதன் பிறகு மற்றதும் நின்றது.

என் வீட்டில் கோடை மத்தியானத்தில் விழித்திருந்து அந்த நிசப்தத்தை நான் கேட்டதில்லை. கயிற்றை முளையில் இறுக்கிக் கட்டிவிட்டு வெளியே வந்தேன்.

சுப்பிரமணி மீட்டரின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். தட்டு அசையவில்லை. உள்ளே போய் உஷ்ணமானியைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி தட்டைப் பார்த்தார். முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்தது. காகிதத்தை நாலாக மடித்தார்.

“கரண்டு திருட்டுப் போகல சார்” என்றார் வேதகிரி. “சூடுதான் திருட்டுப் போயிருக்கு.”

“அதுக்கு ஒங்க ஆபீஸ்ல தனி ஃபாரம் கீதா?” என்று கேட்டான் இருசப்பன். “இல்லைன்னா வேற ஆபீஸு பாக்கலாம்.”

சுப்பிரமணி காகிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “மீட்டர் சரியா ஓடுதுன்னு எழுதிடறேன்” என்றார். அவர் தானியேலின் முகத்தைப் பார்க்காமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

எல்லப்பன் மட்டும் நின்றார். திறந்து கிடந்த முகட்டை அண்ணாந்து பார்த்தார். தெருவில் டீக்கடைப் பக்கத்திலிருந்தும் இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

“மணியக்காரரு வூட்டு முகடு தெறந்துகிச்சே” என்றார், கடைக்குக் கேட்கும்படியாக.

“ஆமாம்” என்றேன், அதைவிட உரக்க. “இனி வெயில் ஏறும்போது திறக்கும், இறங்கும்போது மூடும். நான் தூங்கினாலும் விழித்திருந்தாலும் திறக்கும். நாளைக்கும் வந்து பாருங்கள்.”

அவர் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார்.

தானியேல் இன்னும் அதே இடத்தில் நின்றான். அவனிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. “தட்டி காய்ந்து கிடக்கிறது, தண்ணீர் ஊற்று” என்றேன். “சரிங்க ஐயா” என்று போனான். அம்முலு குடத்தை எடுக்கக் குனிந்தாள். செல்லம்மாள் அவள் கையிலிருந்து குடத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவளைச் சமையலறைப் பக்கம் அழைத்துக்கொண்டு போனாள். வேதகிரி குடையை விரித்தார். இருசப்பன் எனக்கு ஒரு கும்பிடு போட்டான். அதில் கேலி இருந்ததா என்று பார்த்தேன். இல்லை.

அன்று நடந்ததைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் தவறாகப் பரவியிருக்கிறது. எல்லாரும் போன பிறகு செல்லம்மாள் என் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாள் என்று திருப்புலிவனத்திலிருந்து சாலவாக்கம் வரைக்கும் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் கேட்கச் சொல்லவும் இல்லை.